ஆயுதம் விற்கும் நாடுகளின் போட்டி: புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரி மாணவர்களோடு பன்னாட்டு அரசியலைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளாகக் கிடைத்து வருகிறது. எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் பிரான்ஸின் ரஃபேல் போர் விமானத்துக்கோ ரஷ்ய ஏவுகணைக்கோ வந்து சேர்ந்துவிடும். என் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்த் திரும்பிய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். ஒரு நாட்டின் துப்பாக்கியை இன்னொரு நாட்டான் தூக்கினால் என்ன நடக்கும் என்ற கேள்வியோடுதான் நான் வளர்ந்தேன். மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆயுத விற்பனை மற்ற ஏற்றுமதிகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அரிசியோ துணியோ வாங்கினால், சரக்கு வந்து பணம் போனதும் கணக்கு முடிந்துவிடும். ஒரு போர் விமானத்தின் கணக்கு அது வந்து இறங்கும் நாளில்தான் தொடங்குகிறது. பிரான்ஸின் மிராஜ் 2000 விமானங்களுக்கு இந்தியா 1982இல் ஒப்பந்தம் செய்தது. முதல் விமானங்கள் 1985இல் குவாலியருக்கு வந்தன. 2011இல் அவற்றைப் புதுப்பிக்க மறுபடியும் பிரெஞ்சு நிறுவனங்களிடமே போக வேண்டியிருந்தது. அவை இன்றும் பறக்கின்றன. இந்த நாற்பது ஆண்டுகளில் உதிரி பாகம், எஞ்சின் பழுதுநீக்கம், ஏவுகணை, மென்பொருள், விமானிப் பயிற்சி என எதற்கும் விற்றவரின் தயவு தேவைப்பட்டது. இதற்கு மேல், வாங்கியதை இன்னாருக்குக் கைமாற்ற மாட்டோம் என்ற உறுதிமொழிகளும் சில ஒப்பந்தங்களில் உண்டு.

தயவு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானின் அனுபவம் போதும். அமெரிக்காவிடம் எஃப்-16 விமானங்களுக்குப் பணம் கட்டிக் காத்திருந்த அந்நாட்டுக்கு, அணுகுண்டுத் திட்டத்தைக் காரணம் காட்டி 1990இல் பிரஸ்லர் சட்டத் திருத்தத்தின்படி விநியோகம் நிறுத்தப்பட்டது. கட்டி முடித்த 28 விமானங்கள் அமெரிக்கப் பாலைவனத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து ஏற்பட்ட உடன்பாட்டில் பணத்தின் ஒரு பகுதி ரொக்கமாகவும், இன்னொரு பகுதி கோதுமை முதலிய பொருள்களாகவும் திரும்பி வந்தது. போர் விமானத்துக்குப் பணம் கட்டிய நாடு கோதுமை வாங்கிக்கொண்டு திரும்பியது. அந்த நாட்டோடு நமக்குள்ள பகையை ஒதுக்கி வைத்துவிட்டு, வாங்கும் நாடு எதுவாயினும் இந்த நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும்.

இன்று அதிகமாக விற்பவர்கள் யார்? வாங்குபவர்கள் யார்?

ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிறுவனமான சிப்ரியின் கணக்குப்படி, 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுகளில் உலக ஆயுத ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 43 விழுக்காடு. பிரான்ஸ் 9.6 விழுக்காட்டுடன் இரண்டாம் இடத்துக்கு வந்தது; ரஷ்யா 7.8 விழுக்காட்டுக்கு இறங்கியது. வாங்குபவர்களில் போரில் சிக்கிய உக்ரைன் முதலிடம், 8.3 விழுக்காட்டுடன் இந்தியா இரண்டாமிடம். பாகிஸ்தான் வாங்கியதில் 81 விழுக்காடு சீனாவிடமிருந்து வந்தது.

விற்கும் நாடுகள் இவ்வளவு கடுமையாகப் போட்டியிடுவது பணத்துக்காகத்தானா?

பணமும் காரணம்தான், ஆனால் பிரான்ஸைப் பார்த்தால் அதற்கு முன்னால் வேறொரு காரணம் நிற்பது தெரியும். தன் படைக்கு வேண்டியதைப் பிறர் கையை எதிர்பாராமல் தானே செய்துகொள்ள வேண்டும் என்பது அதிபர் தெ கோல் காலத்திலிருந்து அந்நாட்டின் கொள்கை. தன் படை வாங்கும் எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒரு விமானத் தொழிற்சாலையை ஓட்ட முடியாது. வரிசை நின்றால் தொழிலாளர்களும் பொறியாளர்களும் கலைந்துவிடுவார்கள். ஆகவே வெளிநாட்டில் விற்பது அவர்களுக்குத் தற்சார்பைக் காக்கும் வழி. ரஃபேலை 2015 வரை வெளிநாடு எதுவும் வாங்கவில்லை. அந்த ஆண்டு எகிப்து 24 விமானங்களுக்குக் கையெழுத்திட்ட பிறகுதான் கதவு திறந்தது. கத்தாரும் இந்தியாவும் தொடர்ந்தன. 2021 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரே தவணையில் 80 விமானங்களைக் கேட்டது.

அமெரிக்காவுக்குக் கணக்கு வேறு. அதன் உள்நாட்டுச் சந்தையே பெரிது. ஆகவே விற்பனை அதற்குக் கூட்டணிகளைக் கட்டிக் காக்கும் கருவியாகிறது. இந்த இரு கணக்குகளும் மோதிய இடம் ஆஸ்திரேலியா. பிரெஞ்சு நிறுவனத்திடம் 12 நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்குவதாக இருந்த ஆஸ்திரேலியா, 2021 செப்டம்பரில் அதைக் கைவிட்டு, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றோடு சேர்ந்து அணுசக்தி நீர்மூழ்கிகளுக்குப் போவதாக அறிவித்தது. நட்பு நாடான அமெரிக்காவிலிருந்தே பிரான்ஸ் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா 55.5 கோடி யூரோ ஈடு கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. ஒரே கூட்டணியில் கைகோத்து நிற்பவர்கள்கூட ஆயுதச் சந்தையில் போட்டியாளர்களாகவே நிற்கிறார்கள்.

ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் நம் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மலர் வளையம் வைப்பதை நாம் பார்க்கிறோம். 2023இல் அதே நாளில் பாரிஸ் அணிவகுப்பில் இந்தியப் பிரதமர் சிறப்பு விருந்தினராக இருந்தார். அதற்கு முந்தைய நாள்தான் டெல்லியில் 26 கடற்படை ரஃபேல் விமானங்களையும் மூன்று ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளையும் வாங்குவதற்கான தொடக்க ஒப்புதல் தரப்பட்டது. விழாவையும் விற்பனையையும் பிரித்துப் பார்ப்பது இந்தத் துறையில் கடினம்.

பிரான்ஸ் மற்ற நாடுகளைவிட நம்பகமானது என்று புதுச்சேரியில் பலரும் நம்புகிறார்களே, அது சரியா?

இந்தியாவைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்காவும் ஜப்பானும் தடைகள் விதித்தபோது பிரான்ஸ் அவ்வாறு செய்யவில்லை. அடுத்த ஆண்டு கார்கில் போரில் மிராஜ் விமானங்கள் பெரும்பங்கு ஆற்றின. இன்னும் பின்னால் போனால், 1950களிலேயே நம் விமானப்படை பிரெஞ்சு விமானங்களை வாங்கி, தூஃபானி என்று பெயரிட்டுப் பறக்கவிட்டது. அப்போது இந்தப் புதுச்சேரி பற்றிய பேச்சே இரு நாடுகளுக்கும் இடையே முடியாமல் இருந்தது என்பது நினைவில் வைக்கத் தக்கது.

ஆனால் இது இந்தியாவோடு மட்டும் நின்ற வரலாறு. எல்லோருக்கும் பிரான்ஸ் அப்படி நடந்துகொள்ளவில்லை. 1967இல் தெ கோல் அரசு இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை விதித்து, பணம் பெற்றுக்கொண்ட 50 மிராஜ் விமானங்களைக் கொடுக்க மறுத்தது. 2011இல் ரஷ்யாவுக்கு இரண்டு மிஸ்ட்ரால் போர்க்கப்பல்கள் கட்டித் தர ஒப்பந்தம் செய்து, கிரிமியா இணைப்புக்குப் பின் நிறுத்தி, 2015இல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவற்றை எகிப்துக்கு விற்றது. அந்த முடிவுகள் சரியா தவறா என்பது வேறு விவாதம். விற்கும் நாடு தன் நலனும் கொள்கையும் மாறும் வரைதான் நம்பகமானது. பாட்டனார் காலத்து ஓய்வூதியம் இன்னும் ஒழுங்காக வருகிறது என்பதைக் கொண்டு விமான ஒப்பந்தத்தை அளக்கக் கூடாது.

ரஷ்யாவிடம் இவ்வளவு காலம் வாங்கியது ஏன்? இப்போது ஏன் குறைகிறது?

1965 போரின்போது அமெரிக்கா இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்குமே ஆயுதம் தருவதை நிறுத்தியது. அதற்கு முன்பே, 1962இல், மிக்-21 விமானங்களுக்குச் சோவியத் ஒன்றியத்தோடு உடன்பாடு ஏற்பட்டிருந்தது. மேற்கு நாடுகள் டாலர் கேட்ட காலத்தில் அவர்கள் ரூபாயில், நீண்ட காலத் தவணையில், உள்நாட்டிலேயே கட்டிக்கொள்ளும் உரிமையோடு கொடுத்தார்கள். அந்நியச் செலாவணி இல்லாத நாட்டுக்கு அது பேருதவி. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் வரை நம் படையில் இருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு ஒரே விமானத்தின் வாழ்நாளில் அடங்கியிருக்கிறது.

அந்த உறவின் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். சோவியத் சிதறியபோது உதிரி பாகங்களுக்காக நம் படையினர் பட்ட பாடு பெரிது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவைப் புதுப்பித்துத் தர 2004இல் பேசிய விலை 97.4 கோடி டாலர். கப்பல் அவர்களுடைய துறையில் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கும்போது விலை ஏறிக்கொண்டே போய், 2010இல் 235 கோடி டாலருக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2008இல் வர வேண்டிய கப்பல் 2013 நவம்பரில் கையளிக்கப்பட்டது. பாதி வேலையில் கைவிட முடியாது என்பது விற்பவருக்குத் தெரியும். வீடு கட்டி நடுவில் மேஸ்திரியிடம் மாட்டிக்கொண்டவர் யாருக்கும் இது விளங்கும்.

2010–14 காலத்தில் இந்தியா இறக்குமதி செய்ததில் 72 விழுக்காடு ரஷ்யாவிடமிருந்து வந்தது. 2020–24இல் அது 36 விழுக்காடு. பிரான்ஸ் 33 விழுக்காட்டுடன் அருகே வந்துவிட்டது. உக்ரைன் போர் இதை விரைவுபடுத்தியது. 2018 அக்டோபரில் ஏறத்தாழ 543 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்த ஐந்து எஸ்-400 வான் பாதுகாப்பு அணிகளில் மூன்று வந்த பிறகு, மீதி இரண்டும் அந்தப் போரால் தள்ளிப்போயின.

இதே எஸ்-400 விவகாரத்தில் போட்டி அரசியலின் மற்றொரு முகமும் தெரிகிறது. ரஷ்யாவிடம் பெரிய அளவில் ஆயுதம் வாங்குவோருக்குத் தடை விதிக்கும் சட்டத்தை அமெரிக்கா 2017இல் இயற்றியது. நேட்டோ உறுப்பினரான துருக்கி எஸ்-400 வாங்கியதும், எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2020 டிசம்பரில் தடையும் விதிக்கப்பட்டது. அதே கருவியை வாங்கிய இந்தியாவின் மீது அந்தச் சட்டப்படி தடை விதிக்கப்படவில்லை. சீனாவை எதிர்கொள்ள இந்தியா தேவை என்பதால் வாஷிங்டன் பொறுத்துக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். ஆனால் தேவை இருக்கும் வரைதான் பொறுமை இருக்கும். 2025 ஜூலை இறுதியில் இந்தியப் பொருள்கள் மீது சுங்கவரியை அறிவித்தபோது, ரஷ்ய ஆயுதங்களை வாங்குவதையும் அமெரிக்க அதிபர் ஒரு காரணமாகச் சொன்னார்.

விற்பவர்கள் பலர் இருந்தால் வாங்குபவருக்கு நல்லதுதானே?

பேரம் பேசும்போது நல்லது. 126 போர் விமானங்களுக்கு 2007இல் இந்தியா ஒப்பந்தப்புள்ளி கோரியபோது அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ், சுவீடன், ஐரோப்பியக் கூட்டு என ஆறு விமானங்கள் வரிசையில் நின்றன. 2011இல் அமெரிக்காவின் இரு விமானங்களும் கழிக்கப்பட்டன. 2012இல் ரஃபேல் முன்னிலை பெற்றது. 18 விமானங்கள் பறந்து வரும், 108 விமானங்கள் இங்கே கட்டப்படும் என்பது திட்டம். இங்கே கட்டும் விமானங்களுக்கு யார் பொறுப்பேற்பது என்பது போன்ற சிக்கல்களால் பேச்சு இழுத்தது. முடிவில் 2016 செப்டம்பரில் 36 விமானங்கள் மட்டும், ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய்க்கு, அரசோடு அரசு செய்த ஒப்பந்தத்தில் வாங்கப்பட்டன. ஆறு பேரைப் போட்டியிட வைத்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, முதலில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. போட்டியைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். போட்டி தானாகப் பயன் தராது.

போட்டி கடுமையாகும்போது தரகும் நுழைகிறது. 1986இல் பிரெஞ்சுப் பீரங்கியோடு போட்டியிட்டு வென்றது சுவீடனின் போபர்ஸ். தரகு கைமாறியது என்று அடுத்த ஆண்டு சுவீடன் வானொலி சொன்னது. ஓர் ஆட்சியே அதனால் ஆட்டம் கண்டது. நீதிமன்றத்தில் வழக்குகள் நிலைக்கவில்லை. ஆனால் அந்த அச்சத்தால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 2016 வரை, ராணுவத்துக்குப் புதிய கனரகப் பீரங்கி வாங்க எந்த அரசும் கையெழுத்திடவில்லை. பழி சுமந்த அந்தப் பீரங்கியே கார்கிலில் சிகரங்களை மீட்க உதவியது.

இது புதிய அரசியலா, அல்லது நம் மண்ணுக்கு முன்பே தெரிந்ததா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வருபவர்கள் முள்ளோடையில் மாநில எல்லையைக் கடக்கிறார்கள். வழி நெடுகத் தமிழ்நாட்டுக்குள் புதுச்சேரி, புதுச்சேரிக்குள் தமிழ்நாடு என்று ஊர்கள் துண்டு துண்டாகக் கலந்து கிடப்பதைப் பலரும் வியப்போடு கேட்பதுண்டு. அந்தத் துண்டுகளின் தொடக்கம் படையுதவி வணிகத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்களும் முகமது அலிக்கு ஆங்கிலேயர்களும் துப்பாக்கியும் பயிற்சி பெற்ற சிப்பாய்களும் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக் கோட்டையிலிருந்தும், ஆங்கிலேயர்கள் 20 கி.மீ. தெற்கே தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்தும் செயல்பட்டார்கள். சந்தா சாகிப் தன் கடனுக்கு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். வென்ற முகமது அலியின் நிலை இன்னும் மோசம்: ஆங்கிலேயருக்குப் பட்ட கடன் பெருகி, வரிவசூலே அவர்கள் கைக்குப் போனது.

தோற்றவரும் வென்றவரும் நிலத்தை இழந்தார்கள். படை கொடுத்தவர்கள் நிலத்தைப் பெற்றார்கள். இன்றைய ஒப்பந்தங்களில் யாரும் கிராமங்களை எழுதிக் கொடுப்பதில்லை என்பதை அறிவேன். ஆயினும் ஆயுதத்துக்கு விலையாகக் கடைசியில் எது போகும் என்பது கையெழுத்திடும் நாளில் தெரிவதில்லை என்ற பாடத்தை, எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கும் முன்பே, இந்த எல்லை நமக்குக் கற்பித்திருக்கிறது.

இலங்கைப் போரில் இந்தப் போட்டி எப்படி வேலை செய்தது?

கேட்பவரின் குரல் தழுதழுக்கும் கேள்வி இது. விடை சொல்பவனுக்கும் எளிதல்ல. இலங்கை அரசு இஸ்ரேலிடம் கிஃபிர் விமானங்களையும், உக்ரைனிடம் மிக்-27 விமானங்களையும், சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் பலவகைத் தளவாடங்களையும் வாங்கியது. 2000இல் ஆனையிறவு வீழ்ந்த பின் பாகிஸ்தான் பல்குழல் ராக்கெட் ஏவிகளை அவசரமாக அனுப்பியது. மனித உரிமைக் காரணங்களுக்காக அமெரிக்கா 2007 இறுதியில் தன் ஆயுத விற்பனையைக் கட்டுப்படுத்தியபோது, அந்த இடம் காலியாக இருக்கவில்லை, சீனா நிரப்பியது.

இந்தியாவின் நிலை என்ன? ராடார் கருவிகளையும் ரோந்துக் கப்பலையும் கொடுத்து, இவை தற்காப்புக்கானவை, தாக்குதல் ஆயுதம் தர மாட்டோம் என்றது. அன்றைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் 2007இல், இலங்கை தன் தேவைகளுக்குச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகாமல் இந்தியாவிடம் வர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். ‘நாம் கொடுக்காவிட்டால் இன்னொருவர் கொடுப்பார்’ என்ற வாதம் இது. விற்கும் நாடுகள் எல்லாம் சொல்லும் வாதம் இதுதான். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டியே தன் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். 2009இல் போரின் கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலரின் வல்லுநர் குழு 2011இல் எழுதியது. அந்த இறப்புகளுக்குப் பொறுப்பு என்று தன் ஆயுதத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்ட நாடு ஒன்றுகூட இல்லை. கடலூர் மாவட்டத்து முகாம்களில் இன்றும் வாழும் குடும்பங்களுக்கு, எந்த நாட்டுக் குண்டு என்ற ஆராய்ச்சியால் ஆறுதல் இல்லை. ஆனால் நமக்கு அந்த ஆராய்ச்சியைச் செய்யும் கடமை உண்டு.

இதையெல்லாம் கட்டுப்படுத்தப் பன்னாட்டுச் சட்டம் இல்லையா?

ஆயுத வணிக உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2013 ஏப்ரலில் ஏற்றது. 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இனப்படுகொலைக்கோ போர்க்குற்றத்துக்கோ பயன்படும் என்று தெரிந்தால் விற்கக் கூடாது என்கிறது. பிரான்ஸ் உறுப்பினர்; சீனா 2020இல் சேர்ந்தது; ரஷ்யா சேரவில்லை; கையெழுத்திட்ட அமெரிக்கா 2019இல் விலகுவதாக அறிவித்தது. இந்தியா வாக்கெடுப்பில் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் ஒதுங்கியது: விற்பவர் நடுவில் ஒப்பந்தத்தை முறிக்க இது வசதி செய்கிறது, வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அதன் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இன்று நாம் விற்பவராகவும் ஆகிவிட்டோம்.

இந்தியா விற்பது எவ்வளவு? அதை வரவேற்க வேண்டாமா?

2024–25 நிதியாண்டில் 23,622 கோடி ரூபாய். ரஷ்யாவோடு சேர்ந்து உருவாக்கிய பிரமோஸ் ஏவுகணையை வாங்க 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. சொந்தத் தொழில்நுட்பம் வளர்வதை நான் வரவேற்கிறேன், ஏனெனில் பிறர் கைப்பிடியிலிருந்து விடுபட வேறு வழியில்லை. தேஜஸ் விமானம் நம்முடையது, எஞ்சின் அமெரிக்காவினுடையது. 2021இல் கேட்ட எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. அந்த எஞ்சினுக்காகக் காத்திருந்த புதிய விமானங்களை அதுவரை ஒப்படைக்க முடியவில்லை. ஆனால் யாருக்கு விற்கிறோம், அவர்கள் யார் மீது பயன்படுத்துவார்கள் என்று மற்றவர்களிடம் நாம் கேட்கும் கேள்வியை நம் ஏற்றுமதிக்கும் கேட்க வேண்டும்.

விலையும் நிபந்தனைகளும் மக்களுக்கு ஏன் சொல்லப்படுவதில்லை? கேட்டுப் பெற வழி உண்டா?

ஆயுதத்தின் திறன் பகைவருக்குத் தெரியக் கூடாது என்பதை ஏற்கிறேன். விலை முழுவதும் மறைக்கப்படுவதற்கு அது போதிய காரணம் என்று ஏற்க முடியவில்லை. 36 ரஃபேல் விமானங்கள் பற்றி 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, பழைய விலையைவிட 2.86 விழுக்காடு குறைவு என்று சொன்னது. ஆனால் விலைத் தொகைகள் இருந்த இடங்கள் மறைக்கப்பட்டிருந்தன. பிரான்ஸோடு 2008இல் செய்த ரகசியக் காப்பு உடன்பாட்டை அரசு காரணமாகக் காட்டியது. அமெரிக்காவிலோ பெரிய விற்பனை ஒவ்வொன்றையும் அதன் உச்ச மதிப்போடு காங்கிரசுக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பை உலகில் யாரும் படிக்கலாம். இந்தியா அமெரிக்காவிடம் வாங்குவதன் மதிப்பை வாஷிங்டன் அறிவிப்பிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எனக்கு வருத்தம் தருகிறது.

புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினரும் மாநிலங்களவையில் ஓர் உறுப்பினரும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய்க்குக் கையெழுத்தான 26 கடற்படை ரஃபேல் விமானங்களைப் பற்றி அவர்கள் வழியாகக் கேட்கக் கூடிய கேள்விகள் உள்ளன: இருபது ஆண்டுகளுக்கு உதிரி பாகங்களுக்கான விலை இப்போதே முடிவு செய்யப்பட்டுவிட்டதா, நம் ஏவுகணைகளை அதில் பொருத்த யாருடைய அனுமதி வேண்டும், போர்க் காலத்தில் விநியோகம் நின்றால் ஒப்பந்தத்தில் என்ன ஈடு உண்டு. இவற்றில் எதுவும் பகைவருக்கு உதவும் ரகசியம் அல்ல. எழுதி அனுப்ப விரும்பும் மாணவர்களுக்கு வரைவு தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.